சபையில் 10 நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும்: வயது உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது?

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு 61 வயது. போன மாதம் பணி ஓய்வு பெற்றேன். அது போதகர் காதுக்கு எட்டியதும், அடுத்த மாதம் ஆராதனையில் 10 நிமிடம் சாட்சி சொல்லுங்கள் என்றார். ‘விசுவாசப் பாதையில் கற்ற பாடங்கள்’ என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

காரணம் ஒரு நோட்டு. 1989-இல் ஞானஸ்நானம் எடுத்த வாரத்தில் வாங்கியது. இடது பக்கம் ஜெப விண்ணப்பமும் தேதியும், வலது பக்கம் பதில் கிடைத்த தேதி. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன், புத்தி அப்படித்தான் போகும். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. போன வாரம் உட்கார்ந்து எண்ணினேன். 412 விண்ணப்பங்கள். 173-க்கு வலது பக்கம் தேதி இருக்கிறது. அதிலும் பாதி, நான் ஜெபிக்காவிட்டாலும் நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிற சங்கதிகள்: காய்ச்சல், நேர்முகத் தேர்வு, மழை நிற்க வேண்டும் என்ற வேண்டுதல் ஒன்று.

இரண்டாவது நோட்டில் ஏழு பக்கம் முழுக்க என் மனைவியின் வியாதி. அந்த ஏழு பக்கத்துக்கும் வலது புறம் வெறுமை. 2014-இல் அவள் போய்விட்டாள்.

மேடையில் ஏறி 173-ஐ மட்டும் வாசித்துவிட்டு இறங்கலாம். சபையும் அல்லேலூயா சொல்லும். ஆனால் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டு மறுபக்கத்தைக் காட்டும் கணக்குக்கு எங்கள் தொழிலில் வேறு பெயர் உண்டு.

அதனால் கேட்கிறேன். வயது ஏற ஏற விசுவாசம் உங்களுக்கு உண்மையில் எதைக் கற்றுக்கொடுத்தது? வசனத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் போகாதீர்கள். என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

---

அதிகாலை எழுதியது:

ஐயா, வசனம் மட்டும் வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் சங்கீதம் 71-ஐ எடுத்துப் பாருங்கள். முதிர்வயதில் என்னைத் தள்ளிவிடாதேயும் என்று கேட்கிறவரின் சங்கீதம். யோசுவா 14-இல் காலேப்பும் இருக்கிறார். 85 வயதிலும் அன்றைக்கு இருந்த பெலன் இன்றைக்கும் இருக்கிறது, அந்த மலையை எனக்குத் தாரும் என்கிறார். சாட்சிக்கு அருமையாகப் பொருந்தும். எனக்கு 34 வயதுதான், அதற்குமேல் சொல்ல அனுபவம் இல்லை.

---

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தம்பி, எனக்கு 74. அதனால் தம்பி என்று கூப்பிட உரிமை உண்டு. காலேப்பைச் சொன்ன பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் முதியோருக்கென்று ஒரு கூட்டம் வைத்தால் அதில் காலேப் வராமல் இருந்து நான் பார்த்ததில்லை. மலையைக் கேட்டார், நல்லது. எனக்கு மாடிப்படியே மலையாக இருக்கிறது.

எனக்குப் பிடித்த கிழவர் பர்சிலா. 2 சாமுவேலில் வருகிறார், வயது 80. கலகம் செய்த மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடிவந்த தாவீது ராஜாவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் மக்னாயீம் என்ற ஊரில் சாமான் கொண்டுவந்து இறக்கிய மூன்று பேரில் ஒருவர். அந்தச் சாமான் பட்டியலை ஒரு நர்ஸின் கண்ணோடு படித்துப் பாருங்கள். முதலில் படுக்கை. அப்புறம் பாத்திரங்கள். அதற்கு அப்புறம்தான் தானியம். களைத்து வந்தவனை முதலில் படுக்க வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் போட்ட வரிசை அது. 34 வருஷம் வார்டில் நின்ற எனக்கு, அந்த மனிதர் சொந்தக்காரர் மாதிரி.

சண்டை முடிந்து திரும்பும்போது தாவீது அவரை எருசலேமுக்குக் கூப்பிடுகிறார், என்னோடு இரும், நான் உம்மைப் பராமரிக்கிறேன் என்று. பர்சிலா மாட்டேன் என்கிறார். சாப்பிடுவதன் ருசி தெரியவில்லை, பாடுகிறவர்களின் சத்தம் கேட்கவில்லை, நான் ஏன் ராஜாவுக்குப் பாரமாக இருக்க வேண்டும் என்கிறார். யோர்தானைக் கடந்து கொஞ்சதூரம் வந்து வழியனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.

‘பாரமாக இருக்கக் கூடாது.’ அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். கணவர் போன பிறகு அதுதான் என் தினசரி ஜெபம். ஆண்டவரே, யாருக்கும் பாரமில்லாமல் என்னைக் கூட்டிக்கொள்ளும். மகள் தூரதேசத்தில் இருக்கிறாள். அவளிடமும் அதையே சொல்வேன். சபையிலும் சொல்வேன். கேட்பவர்கள், எவ்வளவு பெரிய விசுவாசம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

72 வயதில் குளியலறை வாசலில் வழுக்கி, இரண்டு கையையும் ஊன்றி விழுந்தேன். இரண்டு மணிக்கட்டும் முறிந்தன. ஒரு கையோடு போயிருந்தால் எப்படியாவது சமாளித்து, யாருக்கும் தெரியாமல் மறைத்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும். இரண்டிலும் ஆறு வாரம் மாவுக்கட்டு. கதவுப் பிடியைத் திருப்ப முடியாது. மூக்கு அரித்தால் சுவரில் தேய்க்க வேண்டும். ஜெபிக்கக் கையைச் சேர்த்தால் இரண்டு கட்டும் டக்கென்று மோதிக்கொள்ளும். வேதத்தில் பக்கம் புரட்ட முடியாது.

மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அதற்குமேல் அவளுக்கு விடுப்பு இல்லை. சபைப் பெண்கள் முறை வைத்து வருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். சம்பளத்துக்கு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆள் கிடைக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காமல் வந்து நின்றது ஒரே ஒரு பெண். பாடகர் குழுவில் இருக்கிற கல்லூரி மாணவி. ஆராதனை நடுவில் கைப்பேசியைப் பார்த்தாள் என்று இரண்டு மாதம் முன்னால்தான் எல்லோர் எதிரிலும் அவளைத் திட்டியிருந்தேன். என்ன பார்த்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் திட்டினது தப்பாகிவிடுமோ என்ற பயம்தான்.

முதல் நாள் முகம் துடைத்தாள். தம்பி, கண்ணைத் துடைப்பதற்கு ஒரு முறை உண்டு. சோப்பு படக் கூடாது. மூக்கை ஒட்டிய ஓரத்தில் ஆரம்பித்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணைத் துடைத்த இடத்தால் மறு கண்ணைத் துடைக்கக் கூடாது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுப்பது. இந்தப் பெண் வெளியிலிருந்து உள்ளே இழுத்தாள், அதுவும் ஒரே மூலையால் இரண்டு கண்ணையும். சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஏதோ பரீட்சை எழுதுகிற மாதிரி, அவ்வளவு கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியமே இல்லை.

தலைக்குத் தண்ணீர் ஊற்றியது இரண்டாவது வாரம். நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, கழுத்துக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்தாள். ஷாம்பு கண்ணில் இறங்கிவிட்டது. எனக்குத் தாரைதாரையாகக் கண்ணீர். அழுகிறீர்களா பாட்டி என்று பதறினாள். ஷாம்பு என்றேன். பாதிதான் ஷாம்பு.

அன்று சாயங்காலம் அவளை யோவான் வாசிக்கச் சொன்னேன். 13-ஆம் அதிகாரம். இயேசு சீஷர்களின் காலைக் கழுவ வரும்போது, பேதுரு தன் காலைக் கழுவ விடமாட்டேன் என்கிறார். அதை நான் எப்போதும் தாழ்மை என்றே எண்ணியிருந்தேன். ஆனால் இயேசு அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. கழுவ விடாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கு கிடையாது என்று வெட்டிச் சொல்லிவிடுகிறார். அவள் நிறுத்தவில்லை, குரல் நன்றாக இருந்தது, நானும் விட்டுவிட்டேன். 21 வரைக்கும் வந்தாள். அங்கே ஒன்று காதில் விழுந்தது. எத்தனையோ தடவை படித்தும் என் கண்ணில் படாதது. கரையில் நிற்பது ஆண்டவர் என்று கேட்டதும் பேதுரு தன் மேற்சட்டையைத் தானே கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். அதே அதிகாரத்தில், கொஞ்ச நேரத்துக்கெல்லாம், நீ முதிர்வயதாகும்போது கையை நீட்டுவாய், வேறொருவன் உனக்குக் கட்டிவிடுவான் என்று அவரிடமே சொல்லப்படுகிறது. கையை நீட்டுவாய். என் கை இரண்டும் அப்போது தலையணைமேல் நீட்டித்தான் கிடந்தன.

வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். உடம்பு துடைக்கப் போனால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார். திமிர் பிடித்தவர் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். இதெல்லாம் எங்கள் வேலைதானே, ஏன் சங்கடப்படுகிறீர்கள் என்று அவரிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்! அவர் பெயர்கூட ஞாபகமில்லை. அந்த ஆறு வாரமும் அவருக்காக ஜெபித்தேன். எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார், அது வேறு விஷயம்.

பாரமாக இருக்கக் கூடாது என்று நான் கேட்டதெல்லாம் விசுவாசம் இல்லை தம்பி. எப்போதும் கொடுக்கிற இடத்திலேயே நின்று பழகியவளின் பெருமை. பர்சிலாவைக் குறை சொல்லவில்லை. அவர் ராஜாவிடம் மறுத்தார், தன் வீட்டுக்கு, தன் ஜனங்கள் நடுவே திரும்பிப் போனார். நான் மறுத்ததோ என் ஜனங்களையே.

கை சீக்கிரம் கூட வேண்டும் என்று தினமும் ஜெபித்தேன். ஆறு வாரம் ஆறு வாரமாகவே ஆனது. உங்கள் நோட்டு என்னிடம் இருந்திருந்தால் வலது பக்கம் எதை எழுதுவது? கேட்டது வரவில்லை, கேட்காத ஒரு பிள்ளை வந்தது. அதற்கு உங்கள் நோட்டில் கட்டம் இல்லை.

உங்கள் மனைவியின் ஏழு பக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்த மாதிரிப் பக்கங்களுக்கு முன்னால் பேசாமல் நிற்கத்தான் வார்டில் பழகினேன்.

---

வேத மாணவன் எழுதியது:

அம்மா, மனதைத் தொட்டது. ஒரு சிறு திருத்தம் மட்டும். யோவான் 21:18 முதுமையைப் பற்றிய வசனம் அல்ல. பேதுரு எப்படிப்பட்ட மரணத்தினால் தேவனை மகிமைப்படுத்துவார் என்பதைக் காட்டவே இயேசு அப்படிச் சொன்னார் என்று அடுத்த வசனமே விளக்குகிறது. ரோமப் பேரரசன் நீரோ காலத்தில் ரோமில் பேதுரு சிலுவையில் அறையப்பட்டார் என்பது சபையின் பழைய மரபு. கை நீட்டுவது என்பதை அதோடு சேர்த்தே வாசிக்கிறார்கள். சந்தர்ப்பத்தை விட்டு வசனத்தைப் பிரித்தெடுக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

---

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

19-ஆம் வசனத்தையும் அந்தப் பெண் வாசித்தாள் ஐயா, காது இன்னும் நன்றாகவே கேட்கிறது. நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் ‘முதிர்வயது’ என்ற வார்த்தையை அங்கே நான் கொண்டுபோய் வைக்கவில்லை. பேதுருவுக்குச் சிலுவை, எனக்கு மாவுக்கட்டு. அளவு வேறு என்பது எனக்கும் தெரியும்.

---

கடைசி பெஞ்ச் எழுதியது:

எனக்கு 68. என் கதை சின்னது, கொஞ்சம் அசட்டுக் கதையும்கூட.

சபைக் கட்டட வேலையில் செலவுக் கணக்கைப் பற்றி எனக்கும் என் நெருங்கிய நண்பருக்கும் சண்டை. நான் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்பவர்களுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். அவர் வேறு சபைக்குப் போய்விட்டார். பதினோரு வருஷம் பேச்சு இல்லை. ஒவ்வொரு திருவிருந்துக்கு முன்னாலும் அது தொண்டையில் வந்து நிற்கும், நான் விழுங்கிவிட்டுப் போய் வாங்குவேன்.

பவுல், மாற்குவை ஊழியப் பயணத்தில் கூட்டிப்போவதா வேண்டாமா என்ற காரியத்தால், தன் ஊழியத் தோழர் பர்னபாவோடு கடுமையாகச் சண்டை போட்டுப் பிரிந்தவர். அதே பவுல் கடைசிக் காலத்தில், சிறையில் இருந்துகொண்டு தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவா, குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு. குளிருக்கு அங்கி கேட்கிற அதே கடிதத்தில் மாற்குவையும் கேட்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் நண்பரைப் பார்க்கக் கிளம்பினேன். பேச வேண்டியதைப் பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது, சந்தோஷமாகக் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சண்டை நடந்ததே நினைவில்லை. மன்னித்துவிடு என்றேன், எதற்கு என்றார். சொன்னேன். நீ அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லையே என்றார்! அவர் மனைவி சமையலறைக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மன்னிப்பு கிடைத்ததா, இல்லையா? மாதம் ஒருமுறை போகிறேன். போன தடவை அவர் மனைவி எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

---

மூன்று பிள்ளைகளின் தாய் எழுதியது:

சகோதரரே, உங்கள் காலியான வலது பக்கம் எனக்கும் உண்டு. நடு மகன் சபைப் பக்கம் வருவதில்லை. இதைச் சொன்னாலே எல்லோரும் எனக்கு, பழங்காலச் சபைத் தந்தை அகஸ்டினின் தாய் மோனிக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். தாயின் கண்ணீர் ஜெபத்தால் அகஸ்டின் மனந்திரும்பினார், நீங்களும் விடாதீர்கள் என்று. எத்தனை லிட்டர் கண்ணீர் என்று ஒரு கணக்கு இருப்பதைப் போல!

அந்த அம்மாவைப் பற்றி நானும் படித்தேன். 387-இல் மிலானில் அந்த ஊர் பிஷப் அம்புரோஸ் கையால் அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றார். அதே வருஷம், ஊருக்குக் கப்பல் ஏற ஒஸ்தியா துறைமுகத்தில் காத்திருந்தபோது அந்த அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். 56-ஆவது வயதில். மகன் பிஷப் ஆனதை அவர் பார்க்கவே இல்லை. எனக்கு ஆறுதல் கொடுத்தது ஜெயித்த கதை இல்லை, சாவதற்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் ஜன்னல் ஓரமாகச் சாய்ந்து நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று மகனே எழுதிவைத்திருப்பதுதான்.

அதற்கு அப்புறம் தொலைபேசியில் என் மகனிடம், சபைக்குப் போனாயா என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். முதல் மூன்று அழைப்பும் ஒரே மௌனம், வேறு எதைப் பேசுவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது அவன் வளர்க்கும் பூனையைப் பற்றிப் பேசுகிறோம். போன வாரம் நாற்பது நிமிடம். ஜெபிப்பதை விடவில்லை, அது அவனுக்குத் தெரியும்.

---

வேத மாணவன் எழுதியது:

மேலே நான் திருத்தம் சொன்னது அவசரப்பட்ட வேலை என்று இப்போது தோன்றுகிறது. ஐயாவின் கேள்விக்கே வருகிறேன். சங்கீதம் 88-ஐப் பாருங்கள். புலம்பலாக ஆரம்பிக்கிற மற்ற சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஒரு இடத்தில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. இரவும் பகலும் கூப்பிட்டேன் என்று ஆரம்பித்து, சிநேகிதரையும் என்னைவிட்டுத் தூரமாக்கினீர் என்று அப்படியே முடிந்துவிடும். வலது பக்கம் காலி. அதையும் ஆலயத்தில் பாடுவதற்கென்றே வைத்திருந்தார்கள், தலைப்பில் இராகத்தலைவனுக்கு என்று போட்டு. யாரும் அதைக் கிழித்துப் போடவில்லை.

---

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

மூன்று நாளாக உங்கள் பதில்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அக்கா, நீங்கள் கட்டம் இல்லை என்றதைப் படித்த இரவு இரண்டாவது நோட்டை எடுத்தேன். அந்த ஏழு பக்கத்தை 2014-க்குப் பிறகு நான் சரியாகப் பார்த்ததே இல்லை. போன வாரம் எண்ணியபோதுகூட வரிகளை எண்ணினேனே தவிர, படிக்கவில்லை.

ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னதாகப் பெயர்கள் இருக்கின்றன. என் கையெழுத்துதான். ஆஸ்பத்திரியில் எனக்குப் பதிலாக இரவு தங்கியவர்கள். யார் எத்தனை இரவு என்றுகூட எழுதியிருக்கிறேன். பிறகு திருப்பிச் செய்ய வேண்டும், யாருக்கும் கடன்பட்டு இருக்கக் கூடாது என்பதற்காக எழுதியது. எண்ணினேன், 23 பேர். ஒரு பெயருக்கு நேரே 9 என்று இருக்கிறது. அந்த மனிதரோடு நான் அதற்கு முன்போ பின்போ பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன். இந்தக் கடனில் ஒன்றைக்கூட நான் அடைக்கவில்லை. கேட்டு யாரும் வரவுமில்லை.

வலது பக்கத்தில் எழுதலாமா என்று பேனாவை எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். கேட்டது அதுவல்ல. அவள் பிழைக்க வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பக்கம் காலியாகவே இருக்கட்டும்.

போதகரிடம் 10 நிமிடம் வேண்டாம், ஐந்து போதும் என்று சொல்லிவிட்டேன். 412, 173 இரண்டையும் சொல்லப்போகிறேன். சங்கீதம் 88-ஐ வாசிக்கிறேன். பிறகு அந்த 23 பெயர்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.

அக்கா, அந்தப் பெண் உங்களுக்குத் தலை கழுவிவிட்டதையும் சொல்லலாமா? பெயர் இல்லாமல்தான்.

---

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

சொல்லுங்கள். ஷாம்பு கண்ணில் பட்டதை விட்டுவிடாதீர்கள். கண் துடைத்த விதத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அவள் இங்கேயும் வந்து படிக்கிறாள் என்று நேற்றுத்தான் தெரிந்தது.